தான்ஹாய்சர் ஓவர்ச்சர்: லிஸ்ட் பியானோவுக்கு மாற்றியதைப் பதினேழு வயசுப் பையனுக்குக் கொடுக்கலாமா?

மஸ்கெலியா டீச்சர்:

வணக்கம். நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் பியானோ படிக்கும் பையன் ஒருவன். அப்பாவுக்கு தேயிலை பெக்டரியில் டிரையர் பக்கம் வேலை. பியானோ பரீட்சையில் எட்டாம் கிரேட் போன வருஷம் பாஸ் பண்ணினான். இப்போது போனில் எதையோ கேட்டுவிட்டு வந்து, "டீச்சர், வாசித்தால் இதைத்தான் வாசிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். என்னவென்று பார்த்தால் வாக்னரின் தான்ஹாய்சர் ஓபராவுக்கு வரும் ஓவர்ச்சர், அதாவது திரை எழும்பும் முன் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் முன்னிசை. அதைப் பியானோ மேதை லிஸ்ட் தனிப் பியானோவுக்கு எழுதியிருக்கிறார். (பெயரைச் சொன்னதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவள், "என்ன லிஸ்ட் டீச்சர், சாமான் லிஸ்டா?" என்று கேட்டாள்.)

நோட்ஸை இறக்கிப் பார்த்தேன். முதல் பக்கம் எனக்கே வருகிறது. யாத்திரிகர் பாட்டு, மூன்று எண்ணிக்கைத் தாளம், நிதானமான நடை, நான்கு குரல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நான் வாசிக்கும் பாட்டுகளுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அப்புறம் சில பக்கம் தாண்டினால் தாள் கறுத்துப் போகிறது. கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு புத்தகத்தை மூடிவிட்டுப் போய் தேத்தண்ணி ஊற்றினேன்.

பியானோ பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பங்களா ஒன்றில் சாமான் விற்றபோது வாங்கியது, சுவரோடு ஒட்டி நிற்கும் அப்ரைட். கொழுந்து லொறியில் ஆறு பேர் பிடித்து வந்து இறக்கினார்கள். சுருதி முழுக்க அரை ஸ்தானம் இறங்கிக் கிடக்கிறது. ஈ மேஜரில் வாசித்தால் ஈ ஃபிளாட் கேட்கிறது. ஜூன், ஜூலை மழையில் நடுவிலுள்ள நாலைந்து கட்டைகள் அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கும், விரலால் தூக்கிவிட வேண்டும்.

கேட்க வந்தது இதுதான். ஆர்கெஸ்ட்ராவுக்கு என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஏன் பத்து விரலுக்குள் அடைக்க வேண்டும்? அது கையின் வீரத்தைக் காட்டும் வேலை மட்டும்தானா? அப்படியானால் பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவன் ஒன்று சொன்னான், அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன். "டீச்சர், சீசன்ல ராவுல நல்லதண்ணிப் பக்கம் போற ஆளுங்க பாடுறது தூரத்துல கேட்டு, கிட்ட வந்து, அப்புறம் வளைவுல திரும்பினதும் கொறஞ்சு போகுமே, அது மாதிரி இருக்கு." (சீசன் என்றால் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகும் மாதங்கள், நல்லதண்ணி வழியாக ஏறுவார்கள்.) எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

---

கொட்டாஞ்சேனை செலோ:

டீச்சர், கொடுக்காதீங்க.

நான் செலோ வாசிக்கிறவன், என் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். அந்த ஓவர்ச்சரில் கிளாரினெட், பாசூன், ஹார்ன் மூன்றும் சேர்ந்து யாத்திரிகர் பாட்டை முடித்ததும் அடுத்த வரி செலோவுக்குத்தான் வரும். மெல்ல மெல்ல அரை அரை ஸ்தானமாக ஏறும் ஒரு வரி, பாவத்தின் பாரம் அதில்தான் இருக்கிறது. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே வில்லை அழுத்தி வளர்க்கலாம். பியானோவில் அது நடக்குமா? தட்டிய கணத்திலிருந்து சத்தம் சாகத் தொடங்குகிறது. டிரொம்போன் மூன்றும் எழும்பும் இடத்தைப் பியானோவில் கேட்டால் சாயம் மட்டும் இறங்கின தேத்தண்ணி மாதிரி இருக்கும். நிறம் இருக்கும், குடித்தால் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, பையன் எந்த ரெக்கோர்டிங்கைக் கேட்கிறான் என்று பாருங்கள். 1861இல் பாரிசுக்காக வாக்னர் ஓபராவைத் திருத்தினார். 1875இல் வியன்னாவில் போட்டபோது ஓவர்ச்சரை முடிக்காமல் நடுவிலேயே காதல் தெய்வம் வீனஸின் மலைக் காட்சிக்குள் இறக்கிவிட்டார். அந்த வழியில் பதிந்ததைக் கேட்டால் யாத்திரிகர் பாட்டு கடைசியில் திரும்பி வராது. லிஸ்ட் எடுத்துக்கொண்டது பழைய 1845 வடிவம், முழுசாகத் திரும்பி வந்து முடியும்.

---

பண்டாரவளை பழசு:

மகள், நாற்பது வருஷமாகப் பதுளையிலிருந்து ஹட்டன் வரை பியானோ திறந்து மூடினவன் நான். பங்களா பியானோ, கொன்வென்ட் பியானோ, ஹோட்டல் பியானோ எல்லாம் பார்த்தாயிற்று. எலிக்குட்டி இருந்த பியானோ மூன்று. எனக்கு வாசிக்க அவ்வளவாக வராது, ஆனால் மற்றவர்கள் வாசிப்பதை உள்ளே தலையை விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பையன் சொன்னது. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் வாக்னரே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார். சூரிச்சில் இருந்தபோது கச்சேரிக்கு வருகிறவர்களுக்காக இந்த ஓவர்ச்சருக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதினார். யாத்திரிகர் பாட்டு நெருங்கி வருகிறது, பெருவெள்ளமாகிறது, கடந்து போகிறது. இருட்டுகிறது. இரவில் வீனஸின் மலை மயக்கம். விடியும்போது தூரத்தில் மறுபடி யாத்திரிகர் பாட்டு. இதுதான் சாரம். நம்ம ஊரில் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை ஒவ்வொரு ராத்திரியும் நடப்பதும் இதுதானே? இருட்டில் ஏறுகிறார்கள், விடியலில் உச்சியில் மணி அடிக்கிறது. மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால் சிவனொளிபாதத்துக்குப் போகும் படி விளக்குகள் வானத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். எங்கள் அப்பா ஏழாவது தடவை ஏறியபோது ஏழு முறை மணி அடித்தார், என்னை ஒரு முறைதான் அடிக்க விட்டார். சரி, அது வேற கதை.

லிஸ்ட் ஏன் செய்தார் என்று கேட்டீர்கள். வருஷத்தைப் பாருங்கள். ஓபரா முதலில் மேடை ஏறியது 1845 ஒக்டோபர் 19, டிரெஸ்டனில். வெளியே அதைக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர். லிஸ்ட் 1847இல் ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த வருஷம் வைமாரில் வந்து உட்கார்ந்தார். அங்கே அரண்மனை இசைக்குழுவை நடத்துவது அவர் பொறுப்பு. இந்தப் பியானோ வடிவத்தை அவர் எழுதியது அந்த 1848இல்தான். 1849 பெப்ரவரியில் முழு ஓபராவையும் வைமாரில் அவரே நடத்தினார். அதே மே மாதம் டிரெஸ்டன் கலகத்தில் வாக்னர் மாட்டிக்கொண்டார், பிடிவாரண்ட் வந்தது. ஓடி வந்தவரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வைத்ததில் லிஸ்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1850 ஓகஸ்ட் 28இல் லோஹெங்ரின் ஓபராவை வைமாரில் முதல் தடவை நடத்தியதும் லிஸ்ட்தான், எழுதியவர் ஜெர்மனிக்குள் கால் வைக்க முடியாமல் வெளியே இருந்தார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்து விரலுக்குள் ஏன் அடைத்தார் என்பது தெரியும். ரெக்கோர்டு இல்லாத காலம். எழுபது பேர் இசைக்குழு எல்லா ஊரிலும் கிடையாது, பியானோ உண்டு. நமக்கே பாருங்கள், ஆர்கெஸ்ட்ரா கேட்க வேண்டுமென்றால் கொழும்புக்கு இறங்க வேண்டும். நான் வாக்னரை முதலில் கேட்டது ஒரு பங்களாவில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பியானோவில்தான்.

வீரம் காட்டும் வேலையா என்றால், லிஸ்ட் அதையும் செய்தவர்தான், மறைக்க வேண்டியதில்லை. மொசார்ட்டின் டொன் ஜியோவானியை எடுத்து 1841இல் அவர் எழுதியது வேற சாதி. அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு என்று பிய்த்துத் தன் இஷ்டத்துக்குத் தைத்திருப்பார். தான்ஹாய்சரில் அப்படிச் செய்யவில்லை. அட்டையில் கச்சேரிப் பாராஃபிரேஸ், அதாவது இஷ்டம் போல் மாற்றி எழுதியது, என்று போட்டிருந்தாலும் உள்ளே வாக்னர் போன வழியிலேயே கிட்டத்தட்ட அடிக்கு அடி போகிறார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இப்போது செலோத் தம்பி சொன்ன இடத்துக்கு வருகிறேன். பியானோவில் ஒரு சுரம் வளராது, உண்மை. அதனால் லிஸ்ட் சுரத்தை வளர்க்கப் பார்க்கவில்லை, சுரங்களின் எண்ணிக்கையை வளர்க்கிறார். டிரொம்போன் மூச்சால் செய்வதை இவர் கட்டு கட்டாகக் கட்டைகளைப் பிடித்து, பெடலைத் தாங்கி, கீழே நடுக்கிச் செய்கிறார். முதல் பக்கத்தில் நாலு பேர் நடக்கிறார்கள், பத்தாவது பக்கத்தில் ரோடு நிறைய ஆள். மேலே வயலின்கள் சறுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும் அந்த வேகச் சுரங்கள் பாட்டு அல்ல, அதைச் சுற்றி அடிக்கும் காற்று. பாட்டு அடியில் மெதுவாக நடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். காற்றை அழகாக வாசித்துவிட்டு, நடக்கிறவர்களை ரோட்டில் விட்டுவிடுவார்கள்.

பையனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கடைசிப் பகுதியில் வேகச் சுரங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாத்திரிகர் பாட்டை மட்டும் வெறும் கட்டைகளாக, உள்ள நீளத்துக்கு, வாயால் எண்ணிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம். பொறுமை இல்லையென்றால் அந்த இசை அவனுக்கு இன்னும் வரவில்லை. பொறுமை இருந்தால் அப்புறம் ஒவ்வொரு சுரமாகக் காற்றைச் சேர்க்கலாம்.

லிஸ்ட் வாக்னருக்கு எழுதிய கடிதத்திலேயே, இதன் சிரமத்தை அடக்கி வாசிக்கக் கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். எழுதியவர் லிஸ்ட் என்றால் யோசித்துப் பாருங்கள்.

பியானோ பற்றியும் ஒரு வார்த்தை. லிஸ்டுக்கு வாய்த்த பியானோக்களில் எரார் என்ற பியானோ கம்பெனி 1821இல் காப்புரிமை எடுத்த இரட்டை விடுவிப்பு அமைப்பு உண்டு. கட்டை பாதி எழும்பியதுமே மறுபடி தட்டலாம். அது கிராண்ட் பியானோவில் இருக்கும் சங்கதி. உங்கள் அப்ரைட்டில் கட்டை கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்தால்தான் சுத்தியல் மறு அடிக்குத் தயார். ஒரே ஒக்டேவைத் திரும்பத் திரும்ப அடிக்கும் இடத்தில் பையன் எவ்வளவு பாடுபட்டாலும் பாதி அடி விழாது. அது அவன் குற்றமில்லை, அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

நானுஓயா நைட் மெயில்:

பெரியவர் சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. அடுத்தவர் எழுதியதை மாற்றி எழுதுவது குறைவான வேலை என்று நினைக்கிறவர்கள் வாக்னரின் கணக்கையும் பார்க்க வேண்டும். இருபது வயசுக்கு முன்பே பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை முழுசாகப் பியானோவுக்கு மாற்றி ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினார், அவர்கள் வெளியிடவில்லை. பாரிசில் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட காலத்தில் டொனிசெட்டியின் ஓபராவைப் பியானோவுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் பிரித்துக் கொடுத்துக் காசு வாங்கினார். அப்புறம் குளுக்கின் ஔலிஸில் இஃபிஜீனியா ஓபரா. அதன் ஓவர்ச்சர் நிற்காமல் முதல் காட்சிக்குள் போய்விடும், தனியாகக் கச்சேரியில் வாசித்தால் அந்தரத்தில் தொங்கும். 1854இல் வாக்னர் அதற்கு ஒரு முடிவு எழுதினார். குளுக் 1774இல் பாரிசில் மேடை ஏற்றியதை எண்பது வருஷம் கழித்து வாக்னர் முடித்து வைக்கலாம் என்றால், வாக்னரை லிஸ்ட் பியானோவில் வைத்ததில் என்ன குறை?

பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ தினமும் பீத்தோவனின் "ஃபூர் எலிஸ்" மெட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்து லயன் வீடுகளுக்குள் வருகிறது. அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. பாண் தீர்ந்துவிட்டால்தான் கோபப்படுகிறோம்.

---

கொட்டாஞ்சேனை செலோ:

சூன் பாணை என் கணக்கில் சேர்க்காதீங்க :)

ஐயா சொன்ன "எண்ணிக்கையை வளர்க்கிறார்" என்பதை நேற்று ராத்திரி நோட்ஸை வைத்துக்கொண்டு கேட்டேன். ஹோர்ஹே போலெட் 1974 பெப்ரவரியில் கார்னெகி ஹோலில் வாசித்த கச்சேரி, முடிவில் இதுதான் வருகிறது. பெரிய இடங்களுக்கு ஒப்புக்கொள்கிறேன். சாயத் தேத்தண்ணியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் செலோ வரி, அது இன்னும் எனக்குப் பியானோவில் சேரவில்லை. நடுவில் வீனஸ் பேசும் இடமும் அப்படித்தான். ஆர்கெஸ்ட்ராவில் வயலின்கள் உச்சியில் நடுங்கிக்கொண்டிருக்க, கிளாரினெட் தனியாக, ரொம்ப மெதுவாக அழைக்கும். பியானோவில் அழைப்பது கேட்கிறது, யார் அழைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

---

பண்டாரவளை பழசு:

அந்த இரண்டு இடத்தையும் தருகிறேன் தம்பி. கிளாரினெட் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி.

---

மஸ்கெலியா டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை செய்து பார்த்தோம்.

கடைசிப் பகுதியின் பாட்டை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வெறும் கட்டைகள். முதல் தடவை அவசரப்பட்டான், நீளச் சுரத்தில் விரல் காத்திருக்க மாட்டேன் என்கிறது. "அவங்க படியேறுறாங்கடா, ஓடல" என்றேன். இரண்டாவது தடவை தானே வாயால் எண்ண ஆரம்பித்தான். நாலாவது தடவை நடுக் கட்டை ஒன்று வழக்கம் போல் அழுந்தி நின்றுவிட்டது. பையன் நிற்கவில்லை. இடக் கை பாட்டைத் தொடர, வலக் கையின் சுண்டுவிரலால் கட்டையைத் தூக்கிவிட்டு அடுத்த சுரத்துக்கு வந்து சேர்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை.

முழுசையும் இப்போதைக்குக் கொடுக்கவில்லை. அதே ஓபராவில் வொல்ஃப்ராம் பாடும் மாலை நட்சத்திரப் பாட்டை லிஸ்ட் தனியாக மாற்றியிருக்கிறாரே, அதை டிசம்பருக்குள் முடிப்பான். மேடையில் அதுதான். ஓவர்ச்சரின் முதல் இரண்டு பக்கமும் கடைசிப் பகுதியின் வெறும் பாட்டும் வீட்டு வேலை. அவன் முகம் கொஞ்சம் தொங்கியது. சீசன் தொடங்கியதும் ராத்திரி ரோட்டோரம் நின்று, பாடிக்கொண்டு போகிறவர்கள் கேட்கத் தொடங்கியதிலிருந்து கேட்காமல் போகும் வரை எத்தனை நிமிஷம் என்று போனில் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். "அதுக்கு மார்க்ஸ் இருக்கா டீச்சர்?" என்று கேட்கிறான்.

ஐயா, இரண்டு கேள்வி. சுருதியை ஒரே தடவையில் அரை ஸ்தானம் ஏற்றலாமா? ஈரத்துக்குப் பியானோவுக்குள் பல்பு போடச் சொல்கிறார்கள், டவுனில் கேட்டால் எல்.ஈ.டி.தான் தருகிறான்.

---

பண்டாரவளை பழசு:

ஒரே தடவையில் வேண்டவே வேண்டாம் மகள். கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பல தொன் வரும், பழைய கம்பி துருப்பிடித்த இடத்தில் அறுந்து முகத்தில் அடிக்கும். கொஞ்சம் ஏற்றி, இரண்டு மூன்று மாதம் விட்டு, மறுபடி கொஞ்சம். அதற்கும் கம்பிகளைச் சுற்றியிருக்கும் முள்ளாணிகள் மரத்தில் இறுக்கமாக நிற்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆணி தளர்ந்திருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அப்படியானால் ஈ ஃபிளாட்டிலேயே இருக்கட்டும், பையன் தனியாகத்தானே வாசிக்கிறான். கோயில் ஓர்கனோடு சேர்த்து வாசிக்காத வரை பிரச்சினையில்லை.

எல்.ஈ.டி. போடாதீர்கள், வெளிச்சம்தான் வரும், சூடு வராது. நமக்கு வேண்டியது சூடு. பழைய இழை பல்பு, 25 இல்லையென்றால் 40 வாட், அடிப்பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே பெடல் இருக்கும் இடத்தில். மரத்திலிருந்தும் கம்பளியிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, தகரத் தட்டு ஒன்றை மேலே மறைப்பாகக் கட்டி, வயர் எலி கடிக்காதபடி. மழை மாதங்களில் மட்டும் போடுங்கள், வெயில் காலத்தில் அணைத்து வையுங்கள், அல்லது பலகை வெடிக்கும். அந்துருண்டையும் இரண்டு போடுங்கள், சுத்தியல் கம்பளியைப் பூச்சி தின்னும். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் இழை பல்பு இன்னும் கிடைக்கிறது, போன மாதம் வாங்கினேன்.

அழுந்தி நிற்கும் கட்டைக்கு வேற வழி உண்டு. முன்பக்கப் பலகையைக் கழற்றி, கட்டைக்கு அடியில் நிற்கும் ஆணியைச் சுற்றியிருக்கும் சிவப்புத் துணியைப் பாருங்கள். ஈரத்தில் ஊறி ஆணியை இறுக்கிப் பிடித்திருக்கும். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், எல்லோரும் செய்வது அதைத்தான். அடுத்த மாதம் ஹட்டன் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. வந்தால் பையனும் இருக்கட்டும், பார்த்துக் கற்றுக்கொள்வான்.